வைத்துக்கொள்ள: கலா பதினான்கு

ரங்கூனை ஒட்டிய இன்சீன் ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர்க்கடை நடத்தும் அம்மாளுக்குக் கலகலப்பான வாய். காலையில் நான் தலை காட்டியதும் உள்ளே அடுப்படியில் நிற்கும் புருஷனைப் பார்த்து, "கலா வந்தாச்சு, கலாதைன் ஒண்ணு எடுத்துப் போடு" என்பாள். முதல் கலா நான். இந்த நாட்டில் இந்தியாக்காரன் எந்த ஜாதி, எந்த மதம், எந்தப் பாஷையாக இருந்தாலும் கலாதான். கலாதைன் என்பது நாற்காலி. தைன் என்றால் உட்காருவது. பாயில் சம்மணம் போட்டே பழகிய பர்மாக்காரர்கள், கடல் தாண்டி வந்தவன் ஏறி உட்கார்ந்த சாமானுக்குக் 'கலா உட்காருவது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தவன் நான். இப்போது காலையில் அந்த அம்மாள் வாயிலிருந்து அது வரும்போது, நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு நின்றுகொண்டே குடிக்கிறேன்.

ஊரிலிருந்து என் தம்பி மூன்று கடிதம் எழுதிவிட்டான். மூன்றிலும் ஒரே கேள்வி. கப்பல் கப்பலாக எல்லாரும் வந்து இறங்கிவிட்டார்கள், நீ மட்டும் ரங்கூனில் யார் வீட்டுக்குக் காவல் இருக்கிறாய் என்று கேட்கிறான். தெரிந்தவர்களும் கேட்கிறார்கள். இங்கேயே தங்கிவிட்ட நம் ஆட்களோ கேட்பதில்லை. ஆளுக்கொரு காரணம் அவர்களிடமும் இருக்கிறது. என்னுடைய காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். எத்தனை நாள்தான் 'சௌகரியப்படவில்லை' என்று மழுப்பி எழுதிக்கொண்டிருப்பது?

எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அது போதகர் வந்தால் உட்காருவதற்கு. அவர் வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். மற்ற நாட்களில் அதன்மேல் துணி போர்த்திச் சுவரோரம் வைத்திருப்போம். மிஷன் பள்ளிக்கூடத்தில் பியூனாயிருந்த என் அப்பா, சாகும்வரை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. ஜப்பான் சண்டை முடிந்த மறுவருஷம், டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு நான் ரங்கூனில் வந்து இறங்கினேன். முதன்முதலில் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பர்மியச் சொல் கலாதைன்தான். அர்த்தம் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஊரில் என்னை நிற்க வைத்தார்கள், இங்கே உட்காருகிறவன் என்றே பெயர் வைத்திருக்கிறார்களே என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை.

வேலை கிடைத்தது அந்த வீட்டில். ரங்கூனிலேயே அலோன் பக்கம், ஆற்றிலிருந்து கப்பல் ஊதுவது கேட்கும் தூரத்தில் நிற்கிற தேக்கு வீடு. பெயர் சொல்லமாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். மரம் வெட்டி விற்ற ஒரு வெள்ளைக்காரன் கட்டியது. அவனுக்குப் பிறகு சர்க்கார் வாங்கிக்கொண்டது. சண்டைக் காலத்தில் ஜப்பான் ஆபீசர்கள் இருந்தார்கள். வராந்தாவில் குதிரை கட்டியிருந்ததால் தேக்குப் பலகையில் லாடத் தடம் இன்றைக்கும் இருக்கிறது. விடுதலை கிடைத்ததும் ஜனாதிபதியின் அலுவலகப் பிரிவு ஒன்று அங்கே வந்தது. மாடியில் நீளமான ஆலோசனை மண்டபம், கீழே நாங்கள் தட்டச்சு அடிக்கும் அறை, பின்னால் வேலைக்காரர் குடியிருப்பு. ஜனாதிபதி வருகிற நாளில் மணி அடிப்பார்கள். மணி அடித்தால் என் விரல் தானாக நின்றுவிடும். அவர் மாடிப்படி ஏறி முடிக்கும்வரை யாரும் தட்டச்சு அடிக்கக்கூடாது. ஒருமுறை படியில் நின்று, "சத்தம் ஏன் நின்றுவிட்டது?" என்று அவரே கேட்டாராம். அதைக் கேட்டு அன்றைக்கு எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

அந்த வீட்டில் தமிழும் தெலுங்குமாகக் கலாக்கள் பதினான்கு பேர். டைப்பிஸ்ட் நான், இரண்டு டிரைவர்கள், சமையல்காரர், தபேதார், துப்புரவு ஆட்கள், தோட்டக்காரர்கள். தோட்டக்காரர்களில் மூத்தவர் முனியாண்டி. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். சண்டைக் காலத்தில் குண்டுச் சிதறல் பட்டு வலதுகால் கோணலாகிவிட்டது. இழுத்து இழுத்துத்தான் நடப்பார். ஆனால் அவர் வெட்டிய புல்வெளியில் ஒரு மேடு பள்ளம் பார்க்க முடியாது.

கோ செயின் சாமான் அறைக்குப் பொறுப்பாளர். பர்மாக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எனக்குப் பர்மியம் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அவருடைய மகளுக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு என் மனைவி எஸ்தர் சுடும் அச்சுமுறுக்கில் ஒரு டின் அவர் வீட்டுக்குப் போகும். என்னை 'சயா' என்பார். வாத்தியார் என்று அர்த்தம். பர்மியத்தில் ஒரு சங்கடம் உண்டு. எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது, பின்னால் ஒரு வால்சொல் ஒட்ட வேண்டும். மனிதர் என்றால் யவுக். நாற்காலி மாதிரி உருப்படி என்றால் லோன். மாடு, நாய் என்றால் கௌங். நம் ஆட்கள் அந்த வாலை விழுங்கிவிட்டு வெறும் எண்ணைச் சொல்லுவோம், அல்லது தப்பான வாலை ஒட்டுவோம். வந்த புதிதில் நான், "எனக்கு மகள்கள் இரண்டு கௌங்" என்று சொல்லிவிட்டேன். கோ செயின் ஒரு வாரம் சிரித்தார். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம், நான் வாலை விட்டால் பேச்சை நிறுத்தித் திருத்துவார். நான் சரியாகச் சொல்லும்வரை அடுத்த வார்த்தைக்குப் போகமாட்டார்.

அறுபத்திரண்டில் பட்டாளம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. ஜனாதிபதியே இல்லை என்று ஆனபிறகு அவருடைய அலுவலகத்துக்கு என்ன வேலை? மணி அடிக்கவில்லை. சாமான்களுக்கு வெள்ளைத் துணி போர்த்தினார்கள். நாங்கள் தினமும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். காகிதமெல்லாம் பர்மியத்துக்கு மாறியது. பேச்சுப் பர்மியம் எனக்குச் சரளம். வாசிப்பதென்றால் எழுத்துக்கூட்டித்தான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. அதே சமயத்தில் ரங்கூனிலிருக்கும் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நம் ஜனங்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். நானும் கப்பலுக்குப் பெயர் கொடுத்தேன். பல மாதம் நடையாக நடந்து நான்கு பேருக்கும் இடச்சீட்டு வாங்கினேன். முனியாண்டி தனக்கும் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கினார். ஊரில் அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அங்கே போய் இந்தக் காலை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வேலை கேட்பது என்ற ஒரே பயம் அவருக்கு.

அப்போதுதான் வீட்டை மியூசியமாக்கப் போகிறார்கள் என்ற உத்தரவு வந்தது. எதை, யாரை வைத்துக்கொள்வது, எதை, யாரை அனுப்புவது என்பதற்குக் கோ செயின் ஒரு பட்டியல் எழுதிச் சாமான் அறைக் கதவில் ஒட்டினார். ஆளும் பொருளும் ஒரே தாளில். தாளில் கட்டங்கள் ஒடுக்கம். அவருக்கு அரைச்சொல் எழுதும் பழக்கம் வேறு. மற்றப் பதின்மூன்று பேரும் என்னைத் தள்ளி முன்னால் நிறுத்தினார்கள். நான்தானே படித்தவன். 'வைத்துக்கொள்ள' என்பது தலைப்பு. அதன்கீழ் எழுத்துக்கூட்டி வாசித்தேன்: காவலாளி இரண்டு. பெரிய கடிகாரம் மூன்று. கலா பதினான்கு. திரைச்சீலை... அதற்குமேல் வாசிக்க யாரும் விடவில்லை. முனியாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, இன்னொருக்க வாசிங்க" என்றார். வாசித்தேன். எத்தனை முறை வாசித்தாலும் கலா பதினான்குதான். எங்கள் தலையை எண்ணினால் அதுவும் பதினான்குதான்.

தமிழாயிருந்தால் தலைப்பிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் என்றால் ஆள், வேண்டியவை என்றால் சாமான். உயர்திணை அஃறிணை என்று மூன்றாம் வகுப்பில் பிரம்படி வாங்கிப் படித்தோமே, அது எதற்காக என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்கியது. பர்மியத்தில் அந்த வேலையைச் செய்கிற வால்சொல்லை, கட்டம் போதாமல், கோ செயின் எழுதாமல் விட்டிருந்தார்.

வீட்டில் எஸ்தர் இடச்சீட்டு நான்கையும் பைபிளுக்குள் வைத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் குதிக்கவில்லை. "தாள்ல இருக்கது கெடக்கட்டும். அந்த மனுஷன் வாயால சொன்னாராக்கும்?" என்றாள்.

"எழுதியிருக்கிறதே, பிறகென்ன?"

"எழுத்துக்கூட்டித்தான வாசிப்பிய. போய்க் கேட்டுட்டு வாங்க. கேக்காம சீட்டத் தரமாட்டேன்."

மறுநாள் போய்க் கேட்டேன். இந்தப் பேச்சை எத்தனையோ நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

"கோ செயின், தாளில் கலா பதினான்கு என்று போட்டிருக்கிறது. நிச்சயம்தானா?" என்று கேட்டேன். அவசரத்தில் வால்சொல்லை விட்டுவிட்டேன். யவுக் என்று ஒட்டியிருக்க வேண்டும்.

அவர் சாவிக்கொத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நிச்சயந்தான். பதினாலும் இங்கயேதான்."

"ஒன்றுக்குக் கால் கோணலாயிற்றே. அதுவுமா?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்து, "அதுவும்தான் சயா. ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நான் நன்றி சொன்னேன். அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

சீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் எழுத்தர், "நிச்சயமா? திரும்ப வேணும்னா வரிசையோட கடைசிக்குத்தான் போகணும்" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தலையாட்டினேன். முனியாண்டி தன் சீட்டை மட்டும் கொடுத்தார். அவர் மனைவியும் பிள்ளைகளும் கப்பல் ஏறிவிட்டார்கள். மியூசியம் திறந்து நிலைமை தெரிந்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று துறைமுகத்தில் அவர் சத்தம் போட்டுச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மற்றவர்களில் சீட்டு வைத்திருந்த எல்லாருமே விட்டுவிட்டார்கள். டைப்பிஸ்ட் ஐயா வாசித்தார், நேரில் போய்க் கேட்டும் வந்தார் என்றால் அதற்குமேல் என்ன வேண்டும்?

அடுத்த மாதங்களில் நாங்கள் உழைத்த உழைப்பை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. நம் வீடு, நம் வேலை என்று உழைத்தோம். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் கணக்குப் புத்தகங்கள் இங்கிலீஷில் இருந்தன. அவற்றைப் படித்து, எந்த மேஜை எந்த மரம், எந்த மணி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, வெளிநாட்டு விருந்தினருக்காக அட்டை அட்டையாக இங்கிலீஷில் தட்டச்சு அடித்தேன். கோ செயின் பர்மியத் தாளை ஒவ்வோர் அறையாகத் தருவார். வீட்டின் சரித்திரத்தையும் என்னையே எழுதச் சொன்னார்கள். மர வியாபாரி, ஜப்பான் குதிரை, ஜனாதிபதி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: இந்த வீட்டின் தரையையும் தோட்டத்தையும் நாற்பது ஆண்டுகளாகப் பேணி வருபவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். பலகை எழுதி வந்தபோது அந்த வரி இல்லை. இடம் போதவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குதிரை லாடத்துக்கு இடம் இருந்தது.

மாடி மண்டபம்தான் கடைசி. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கோ செயின் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார். இந்தத் தாளில் கட்டம் அகலம். முழுச்சொல்லாக எழுதியிருந்தார். நீள மேஜை ஒன்று. அடுத்த வரியை எழுத்துக்கூட்டினேன். க, லா, தைன். ஸெலே லோன். பதினான்கு உருப்படி.

மாடிக்குப் போனேன். துணியை எடுத்திருந்தார்கள். மேஜையைச் சுற்றிப் பதினான்கு நாற்காலிகள் நின்றன. முழங்காலில் நின்று ஒவ்வொன்றின் காலையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஐம்பத்தாறு கால்கள். ஒன்றுகூட ஆடவில்லை, ஒன்றுகூடக் கோணல் இல்லை. தேக்கு, அசையுமா? அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு முழுதும் விளங்கியது. நான் தப்பாக வாசித்தது என் குற்றம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால் கோணல் ஒன்று இருக்கிறதே என்று நான் கேட்டபோது, சாமான் அறைப் பொறுப்பாளருக்குத் தெரியாதா, எந்த நாற்காலிக்கும் கால் கோணல் இல்லையென்று? நான் யாரைக் கேட்கிறேன் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரியும். பதினைந்து வருஷமாக என் ஒவ்வொரு வாலையும் திருத்திய மனிதர், அன்றைக்கு மட்டும் திருத்தவில்லை.

கீழே அவரைத் தேடிப் பிடித்தேன். "உங்களுக்குத் தெரிந்திருந்தது" என்றேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அதையாவது சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றார்.

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா நீ கப்பல் ஏறிப் போயிருப்பே. லேபிள் அடிக்க வேற யார் இருக்கா சயா? புல்லு வெட்ட யார் இருக்கா? வேலை முடியலேன்னா மேலே என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"எனக்கும் இரண்டு கௌங் இருக்கிறது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை. போய்விட்டார்.

மற்றப் பதின்மூன்று பேருக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. புல்வெளியில் வைத்துச் சொன்னேன். முதலில் அவர்களுக்கு விளங்கவில்லை. நாற்காலி என்றால் என்ன நாற்காலி என்று சமையல்காரர் கேட்டார். விளங்கியதும் டிரைவர் ஒருவர் என்னை வாய்க்கு வந்தபடி பேசினார். பேசட்டும் என்று நின்றேன். முனியாண்டி கையிலிருந்த அரிவாளைத் துடைத்துச் சாக்கில் சுற்றினார். பிறகு, "நீங்க படிச்சவங்கன்னுதான ஐயா வாசிக்கச் சொன்னோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் எனக்கு மறந்துபோயிருக்கும். அன்று சாயங்காலம் எஸ்தரிடம் சொன்னபோது அவளும் திட்டவில்லை. "நான் போய்க் கேக்கச் சொன்னேன்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலியான பைபிளை எடுத்து மேலே வைத்தாள்.

திறப்பு விழா முடிந்ததும் எங்களை வேலையிலிருந்து நிறுத்தி, குடியிருப்பைக் காலிசெய்யச் சொன்னார்கள். நான் இன்சீனுக்கு வந்தேன். இப்போது ஒரு மர அறுப்பு மில்லில் ரசீது எழுதுகிறேன், பர்மியத்தில்; வால்சொல் தப்பாமல் எழுதுகிறேன். முனியாண்டியும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், சந்தையில் பூச்செடி விற்கிறார். இருவரும் வரிசையின் கடைசியிலிருந்து மறுபடி பெயர் கொடுத்திருக்கிறோம். கப்பல் வருவது குறைந்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் கையிலும் அந்நியர் பதிவுப் புத்தகம் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒன்றாகப் போகிறோம், வருகிறோம். அந்தத் தாளைப் பற்றி அவர் பேச்சை எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை.

போன மாதம் அவராகவே கேட்டார். "ஐயா, அந்தப் பதினாலையும் ஒருக்கப் பாத்துட்டு வரலாமா?"

சுற்று ரயிலில் போனோம். வாசலில் புதுக் காவலாளி, பர்மா இளைஞன், எங்களை யாரென்று தெரியாது. பெயர் எழுத உள்நாட்டாருக்கு ஒரு புத்தகம், வெளிநாட்டாருக்கு ஒரு புத்தகம். எங்கள் முகத்தைப் பார்த்து இரண்டாவதை நீட்டினான். நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். அலோன் என்று எழுதினேன். அவன் வாசித்துப் பார்க்கவில்லை.

மாடிப்படி ஏற முனியாண்டிக்கு நேரமாயிற்று. மண்டபத்தில் மேஜையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். உட்காரக்கூடாது என்று இரண்டு மொழியில் அட்டை. இங்கிலீஷ் நான் அடித்தது. முனியாண்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். "பதிமூணுதான் இருக்கு ஐயா" என்றார்.

நானும் எண்ணினேன். பதின்மூன்றுதான். அட்டையில் பதினான்கு என்று இருந்தது. யாரைப் போய்க் கேட்பது? இறங்கி வந்தோம்.

பதினான்காவது வாசலில் இருந்தது. காவலாளி உட்காருவதற்காக எடுத்துப் போட்டிருந்தான். உள்ளே வரும்போது அவன் அதில் இருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. முனியாண்டி காலை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அந்தப் பையன் சட்டென்று எழுந்தான். நல்ல பிள்ளை, வளர்த்தவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள். நாற்காலியை இரண்டு கையாலும் திருப்பி வைத்து, "கலாஜீ, தைன் பா" என்றான். பெரியவரே, உட்காருங்கள் என்று அர்த்தம். கலா என்றும் தைன் என்றும் அந்தச் சொல் இரண்டாகப் பிரிந்து, நான் அன்றைக்குத் தாளில் வாசித்த அதே அர்த்தத்தில், முதல்முறையாக ஒருவன் வாயிலிருந்து வந்தது.

முனியாண்டி உட்கார்ந்தார். நாற்காலியின் முன்கால்கள் வாசற்படிக்கு வெளியே, பின்கால்கள் உள்ளே. கோணல் காலை நீட்டி வைத்துக்கொண்டு, யாரோ வெட்டி மேடும் பள்ளமுமாகக் கிடந்த புல்வெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"உக்காரச் சொல்றான் ஐயா. எனக்கே வெளங்கிருச்சு. நீங்க வாசிக்க வேணாம்."